கடைசி ஒட்டு

"அவர் எழுதின புத்தகம் ஏதாவது நீங்க படிச்சிருக்கீங்களா?"

என் கணவர் இறந்த மாதத்தில் பேட்டி எடுக்க வந்த பத்திரிகைக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. கேட்டதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். தேநீர்த் தட்டோடு நான் உள்ளேயிருந்து வந்ததையும் பார்த்திருந்தார். எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வராது. "கொஞ்சம் கொஞ்சம்" என்று சொல்லிவிட்டுத் தட்டை வைத்தேன். அடுத்த வாரம் அச்சில் வந்தது: 'எழுத்தாளரின் துணைவியார் அதிகம் வாசிக்காதவர். ஆனால் அருமையாகத் தேநீர் போடுகிறார்.'

தேநீர் போட்டது என் கொழுந்தனார்.

என் கணவருடைய பதினேழு புத்தகங்களையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை என் கையால் எழுதியவள் நான். படித்தாயா என்றால் என்ன சொல்வது? பரிமாறுகிறவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டால் அவள் எதைச் சொல்வாள்?

அவருக்கு அடித்து எழுதப் பிடிக்காது. ஒரு வரியைக் கோடு கிழித்து அடித்தால் அது செத்த பூரான் மாதிரி தாளில் கிடந்து பயமுறுத்துகிறது என்பார். அதனால் வேண்டாத வரியின் மேல் வெள்ளைத் தாளை நறுக்கி ஒட்டி, அதன்மேல் புதிதாக எழுதுவார். எங்கள் வீட்டில் அதற்கு 'ஒட்டு' என்று பெயர். சில வரிகளுக்கு ஒட்டின் மேல் ஒட்டு, அதன் மேலும் ஒரு ஒட்டு. நான்கு ஒட்டு ஏறிய பக்கம் அட்டை போல விறைத்து நிற்கும். பசை என் பொறுப்பு. வாரத்துக்கு ஒரு முறை மைதாவைக் கரைத்து, பூச்சி வராமலிருக்கத் துளி மயில்துத்தம் போட்டுக் கிளறி இறக்குவேன்.

அந்தத் தாள்களை அச்சகத்தில் தொட மாட்டார்கள். அச்சுக் கோப்பவர் ஒரு முறை, "இது கதையா, கந்தல் துணியா?" என்று கேட்டுக் கட்டோடு திருப்பி அனுப்பிவிட்டார். ஆகவே நான்தான் பக்கம் பக்கமாக விரலால் தடவிப் பார்த்து, எந்த ஒட்டு மேலே இருக்கிறதோ அதை மட்டும் உருண்டை எழுத்தில் பிரதி எடுத்துக் கொடுப்பேன். பதிப்பாளர் எனக்கு வைத்த பெயர் 'கார்பன்'. இன்றும் தொலைபேசியில், "கார்பன் அம்மா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்.

கொழுந்தனாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நில அளவை வேலை பார்த்தவர். வீட்டில் எல்லோருக்கும் அவர் சர்வேயர். சின்ன வயதில் அவருக்குத் தூக்கத்தில் நடக்கும் பழக்கம் இருந்தது. அவருக்குப் பெண் பேசி முடித்திருந்த மாதத்தில் என் கணவர் வார இதழ் ஒன்றில் சிறுகதை எழுதினார். அதில் ஒரு சர்வேயர் தூக்கத்தில் எழுந்துபோய், அடுத்த வீட்டுத் தோட்டத்தை அளந்து முடித்துவிட்டு வந்து படுப்பான். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. பெண் வீட்டாரும் அந்த இதழை வாங்குகிறவர்கள்தான்.

கல்யாணம் நின்றது.

"உனக்குக் கதை வேணும்னா உன் மூக்கை அறுத்து எழுதிக்கோ. என் மூக்கு எதுக்கு?" என்று அண்ணனிடம் கேட்டுவிட்டுப் பெட்டியோடு போனவர், ஒன்பது வருடம் இந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. வேறு ஊரில் வேலை, வேறு இடத்தில் கல்யாணம். படிக்கத் தெரிந்தும் படிக்கும் வழக்கம் இல்லாத பெண்ணாகத் தேடிக் கட்டிக்கொண்டார் என்று கேள்விப்பட்டோம்.

அவர் போன நான்காவது வருடம் என் கணவர் அந்தப் பெரிய நாவலை எழுதினார். கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன தம்பி, அந்த வீட்டிலேயே தங்கிவிட்ட அக்கா. அக்கா யார், தம்பி யார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடைசிப் பக்கத்தில் மழை பெய்யும்போது யாரோ கதவைத் தட்டுகிறார்கள். கடைசி வரி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 'அவள் கதவைத் திறக்கவில்லை, தாழ்ப்பாளும் போடவில்லை.'

அந்த ஒரு வரியை வைத்தே மூன்று பேர் முனைவர் பட்டம் வாங்கிவிட்டார்கள். ஒரு கல்லூரி வாசலில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு பாராட்டுக் கூட்டத்தில் ஒருவர் அதைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு, "இந்த வரி உங்களுக்கு எப்படி வந்தது?" என்று மேடையிலேயே கேட்டார். என் கணவர் கொஞ்சம் யோசித்து, "எழுதினது நான்தான். முடிச்சு வச்சது வேற யாரோ" என்றார். கைதட்டல் அடங்க நேரமானது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "என்ன அடக்கம் பாருங்க!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சர்வேயரும் அந்த வரியைப் படித்திருந்தார். என் மாமியார் படுக்கையில் விழுந்த பிறகுதான் அவர் திரும்பி வந்தார். அம்மாவின் கட்டிலுக்கு இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி. மன்னிப்பு, சமாதானம் என்று எதுவும் நடக்கவில்லை. "மாத்திரை கொடுத்தாச்சா?" என்று ஒருவர் கேட்க, "ஆச்சு" என்று மற்றவர் சொல்ல, அப்படியே பேச்சு ஒட்டிக்கொண்டது. சில நாள் கழித்துச் சமையலறையில் என்னிடம் சொன்னார்:

"புத்தகம் வந்தப்பவே வாங்கிட்டேன் அண்ணி. வீட்டுக்கு வரணும்னுதான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்க கடையில தொங்குச்சு. நின்னுக்கிட்டே கடைசிப் பக்கத்தைத்தான் முதல்ல பார்த்தேன். திறக்க மாட்டேன்னு அச்சடிச்சே சொல்லிட்டானே, அப்புறம் எதுக்கு டிக்கெட்டுன்னு திரும்பிட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

என் கணவர் எழுதி வைத்த உயில் ஒரே பக்கம். அதிலும் இரண்டு ஒட்டு; வக்கீல் தலையில் அடித்துக்கொண்டு வேறு தாளில் எழுதி வாங்கினார். 'என் எழுத்துகளும் தாள்களும் என் மனைவியின் பொறுப்பில் இருக்கட்டும், நான் எழுதியதில் ஓர் எழுத்து கூடாமலும் குறையாமலும் அவள் காப்பாற்றுகிறவரை. தவறினால் என் தம்பியிடம் போகட்டும்.'

பதினோரு வருடமாகக் காப்பாற்றினேன். சினிமாக்காரர்கள் வந்து, கடைசியில் அக்காவுக்கு ஒரு கல்யாணம் பண்ணி வைத்துவிடலாமா என்று கேட்டார்கள். "அவங்க சம்மதிக்கலையே" என்றேன். பாடப் புத்தகத்துக்கு ஒரு பத்தியைச் சுருக்கித் தரும்படி கேட்டவர்களிடம், பாடம் நடத்தும் நேரத்தைச் சுருக்கிக்கொள்ளச் சொன்னேன். பதிப்பாளர் ஒரு கமாவை எடுத்துவிட்டார் என்று மறுபதிப்பு முழுவதையும் நிறுத்தி வைத்தேன். ஆள்களைக் கண்டால் வாய் வராத எனக்கு, அவருடைய வரிக்காக மட்டும் எங்கிருந்தோ வாய் வந்தது.

சர்வேயருக்கு என்மேல் ஒரே ஒரு குறை. எங்களுடையது மாடி வீடு. முன்னறையில் நான்கு அலமாரி நிறையத் தாள்கள். மழைக் காலத்தில் சுவர் ஓதம் ஏறும். நூலகத்தில் குளிர் அறை இருக்கிறது, கொடுத்துவிடலாம் என்பார்.

"அண்ணி, கரையான் படிக்கவா அண்ணன் எழுதினான்?"

"வேப்பிலை போட்டிருக்கேன் தம்பி."

"கரையானுக்கு அது ஊறுகாய்."

நான் கொடுக்கவில்லை. காலையில் எழுந்தால் அலமாரியைத் திறந்து ஒரு கட்டை எடுத்து உதறி, துடைத்து, காற்றுப் படவைத்து, மறுபடி கட்டி வைப்பது என் வேலை. அது இல்லாவிட்டால் காலையில் எதற்கு எழுந்திருப்பது என்று எனக்குத் தெரியாது.

என் கணவர் இறந்த மூன்றாவது வருடம் அந்தப் பெரிய நாவலின் தாள்களை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். நானூற்றுப் பதினோராம் பக்கத்தைத் திருப்பினேன். அதன் முதுகில் ஓர் ஒட்டு.

பக்கத்தின் பின்புறத்தில் ஒட்டு எதற்கு? மெல்லப் பிரித்தெடுத்துத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். அவருடைய சாய்ந்த எழுத்து.

'அவள் கதவைத் திறந்தாள். "ஏன்டா, இவ்வளவு நேரமா?" என்றாள்.'

கடைசிப் பக்கமான நானூற்றுப் பன்னிரண்டை எடுத்தேன். 'திறக்கவில்லை' என்ற அந்தப் புகழ்பெற்ற வரியைச் சுற்றி மஞ்சளாக ஒரு கட்டம் இருந்தது. பசை காய்ந்த தடம். ஒட்டை அதன்மேல் வைத்தேன். அச்சாகப் பொருந்தியது.

அந்த நாள் எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு வாரமாக மழை. மாவில் ஈரம் ஏறிப் பசை நீர்த்துப் போயிருந்தது. அச்சகத்து ஆள் குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்று, "அம்மா, இன்னும் எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எழுதி முடித்த தாளைத் திருப்பாமல் அப்படியே கட்டின் அடியில் செருகுவது என் வழக்கம். கடைசிக்கு முந்தைய தாளைத் தூக்கியபோது, கீழே இருந்த ஈர ஒட்டு அதன் முதுகோடு எழுந்து வந்துவிட்டது. நான் பார்க்கவில்லை. கீழே என்ன இருந்ததோ, அதாவது அவர் வேண்டாமென்று மூடிய வரி எதுவோ, அதைப் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டேன். எல்லாத் தாளையும் தடவிப் பார்த்தவள், அந்தக் கடைசித் தாளை அவசரத்தில் தடவவில்லை.

அவருக்குத் தெரிந்திருந்தது. புத்தகம் அச்சாகி வந்த பிறகுதான் அவர் ஒவ்வோர் ஒட்டின் மேலும் ஒரு குண்டூசி குத்த ஆரம்பித்தார். நான் என்னவோ வயதாகிறது, ஜாக்கிரதை கூடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். பிரதி எடுக்கும்போது எத்தனை முறை விரலில் குத்தியிருக்கிறது! ஒரு தடவைகூட காரணம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நான் வருத்தப்படுவேன் என்று சொல்லாமல் விட்டிருக்கலாம். இல்லை, பாராட்டு குவிந்துவிட்ட வரியைத் திருத்த மனசு வராமலும் இருந்திருக்கலாம். முப்பது வருடத்துக்கு மேல் அவரோடு குடித்தனம் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டும்தான்.

ஒட்டை என் நோட்டுப் புத்தகம் ஒன்றுக்குள் வைத்தேன். நான் எழுதுகிற நோட்டுகளை யாரும் பார்ப்பதில்லை.

எட்டு வருடம் அது அங்கேயே இருந்தது. வெளியே சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உயிலின்படி அலமாரி நான்கும் சர்வேயர் கைக்குப் போகும், அது ஒன்று. பஸ் ஸ்டாண்டிலிருந்து அவரைத் திருப்பி அனுப்பியது அவருடைய அண்ணன் இல்லை, என் உருண்டை எழுத்து என்று அவருக்குத் தெரியவரும், அது இன்னொன்று. இரண்டில் எது பெரிது என்று நான் அளந்து பார்க்கவில்லை. அளக்கத் தெரிந்தவரிடம் கேட்கவும் முடியாது.

இந்த வருடம் நாவலுக்கு நாற்பது வயது. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பதிப்பாசிரியை வந்தார். மூலப் பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, இனி மாற்றமே இல்லாத பதிப்பு ஒன்றைக் கொண்டுவருவது அவர் வேலை. நாற்பத்தைந்து வயது இருக்கும். கொண்டையில் பென்சிலைச் செருகிவிட்டு மேஜை முழுக்கப் பென்சிலைத் தேடுகிறவர். வெள்ளைப் பருத்திக் கையுறை, பூதக்கண்ணாடி, கிழிசல் ஒட்டுவதற்குச் சின்னப் புட்டியில் பசை எல்லாம் கொண்டுவந்திருந்தார். இரண்டு மாதம் தினமும் முன்னறையில் எனக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் மூலத்தை வாசிப்பார். நான் அச்சுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே வருவேன்.

"அம்மா, முந்நூத்தி இருபதுல மூணு ஒட்டு. மேல இருக்கறது 'விம்மினாள்'. புத்தகத்துல என்ன இருக்கு?"

"விம்மினாள்."

"நீங்க மெஷினாம்மா? இதுவரைக்கும் ஒரு தப்புகூட வரல."

"இன்னும் பக்கம் இருக்கே."

கடைசிப் பக்கம் ஒரு வியாழக்கிழமை வந்தது. அவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார்.

"இந்தக் கடைசி வரி மேல ஏதாச்சும் ஒட்டியிருந்துச்சாம்மா?"

"பசை சிந்தியிருக்கும்."

"சிந்தினா வட்டமா இருக்கும். இது நாலு மூலையோட இருக்கு."

நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அவர் எதுவும் கேட்கவில்லை. குறிப்பேட்டில் 'பசைக் கறை' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அந்தக் கேள்விக்குறி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது ஒரு படிவத்தைக் கொடுத்தார். 'இந்தப் பதிப்பு ஆசிரியரின் கையெழுத்துப் பிரதியோடு முழுவதும் ஒத்திருக்கிறது என்று உறுதி கூறுகிறோம்.' கீழே இரண்டு கோடு. உரிமையாளர், அடுத்த உரிமையாளர்.

"திங்கட்கிழமை சார் வந்தார்னா ரெண்டு பேரும் போட்டுடுங்க. அவ்வளவுதான் வேலை முடிஞ்சது. இனிமே இந்தத் தாளையெல்லாம் யாரும் பிரிச்சுப் பார்க்க வேண்டாம். எங்க பதிப்புதான் மூலம்."

நல்ல செய்தியாகத்தான் சொன்னார். இதுவரை அது ஒரு பிழை. எங்கோ மூலத்தில் சரியான தடம் இருந்தது. திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போட்டால் பிழையே மூலமாகிவிடும்.

திங்கட்கிழமை பத்து மணிக்கே சர்வேயர் வந்துவிட்டார். கையில் ஒரு நீளக் கவர். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"என்ன அண்ணி, அலமாரி இன்னும் நிக்குதா? கரையான் விடுமுறையில இருக்கு போல."

"வாங்க தம்பி."

பதிப்பாசிரியை எழுந்து வணக்கம் சொன்னார். சர்வேயர் கவரிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். நூலகத்தின் கடிதம்.

"பதிப்பு முடிஞ்சிடுச்சு. இனிமே இந்த மூலத்தை வீட்டுல வச்சு என்ன பண்ணப் போறீங்க? குளிர் அறையில தனி அலமாரியே தர்றாங்க. அண்ணன் பேரைப் போட்டு. நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும். கட்டாயம் இல்ல. கேக்கறேன், அவ்வளவுதான்."

"முதல்ல எங்க படிவத்துல கையெழுத்து சார்" என்று பதிப்பாசிரியை படிவத்தை என் பக்கம் நகர்த்திவிட்டுப் பேனாவைத் தேடினார். தலையைத் தொட்டுக் காட்டினேன். கொண்டையிலிருந்து எடுத்துக் கொடுத்தார், அது பென்சில். சர்வேயர் தன் பேனாவைத் திறந்து நீட்டினார்.

பேனாவை வாங்கிக் கோட்டின்மேல் வைத்தேன். முதல் எழுத்தைக்கூடப் போட முடியவில்லை. மறுபதிப்பையே நிறுத்திய அந்தக் கமா என் கண்முன் வந்து நின்றது.

"இது ஒத்திருக்கல" என்றேன்.

"எதும்மா?"

"கடைசி வரி. அங்க ஒரு ஒட்டு இருந்துச்சு. நான் பார்க்காம கீழ இருந்ததை எழுதிட்டேன். நாப்பது வருஷமா தப்பு வரிதான் அச்சுல இருக்கு."

பதிப்பாசிரியை நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். சர்வேயர் என்னையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உரக்கச் சிரித்தார்.

"பதினோரு வருஷமா ஒரு கமாவைத் தொட விடாம ஊரையே விரட்டினீங்களே அண்ணி! சினிமாக்காரனை அழ வச்சு அனுப்பினீங்களே! கடைசியில வரியையே மாத்தினது நீங்கதானா?"

"ஆமா தம்பி."

"கல்லுல வேற வெட்டி வச்சிருக்கானுங்க!"

"ஆமா."

"உயில்ல என்ன எழுதியிருக்குன்னு ஞாபகம் இருக்கில்ல? அப்போ இந்த நாலு அலமாரியும் இன்னைக்கே என் கைக்கு வரணும். நான் லைப்ரரிக்குக் கொடுத்தா நீங்க கேக்க முடியாது."

"தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன்."

நான் அப்படிச் சொன்னதும் அவருடைய சிரிப்பு குறைந்தது. பதிப்பாசிரியை முன்னால் குனிந்து, "ஒட்டுல என்ன இருந்துச்சும்மா? ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

"ஞாபகம் எதுக்கு? ஒட்டே இருக்கு. எட்டு வருஷமா என்கிட்டதான் இருக்கு. அதுவும் என் தப்புதான்."

உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தேன். ஒட்டை வெளியே எடுத்துப் பதிப்பாசிரியையிடம் கொடுக்கவில்லை. சர்வேயருக்கு முன்னால் மேஜையில் வைத்தேன்.

"முதல்ல நீங்க படிங்க தம்பி. உங்களுக்குத்தான் அது வந்திருக்க வேண்டியது. நான் பிரதி எடுத்தப்ப தவறிப் போச்சு."

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒரே வரி. அதைப் படிக்க எவ்வளவு நேரமாகும்? கீழே தெருவில் இரண்டு பஸ்கள் போயின. அவர் தலை நிமிரவில்லை. பிறகு விரல் நுனியால் 'ஏன்டா' என்ற இடத்தைத் தொட்டார். அண்ணன் அவரை அப்படித்தான் கூப்பிடுவார். ஒன்பது வருடத்துக்கு முன்பும் பின்பும்.

"அஞ்சு வருஷம்" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. புத்தகம் வந்ததற்கும் அவர் வீட்டுக்கு வந்ததற்கும் நடுவே அத்தனை வருடம்.

"என்னாலதான் தம்பி" என்றேன்.

அவர் விரலை அந்த இடத்திலிருந்து எடுக்கவில்லை.

பதிப்பாசிரியைக்குக் கதை முழுவதும் புரியாவிட்டாலும், பேசக் கூடாத நேரம் என்று புரிந்திருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"அப்போ எதைம்மா போடறது? ஒட்டையா, அடியில இருக்கற வரியையா?"

இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. எல்லோரும் மாற்றலாமா என்று கேட்பார்கள்; நான் கூடாது என்பேன். கூடாது என்று சொல்வது சுலபம். இந்தக் கேள்விக்கு அது பதிலில்லை. அவர் எழுதி முடித்தது ஒட்டு. அச்சில் வந்த பிறகு அவர் திருத்தாமல் விட்டுவிட்டது அடியில் உள்ளது. படித்தவர்கள் நாற்பது வருடம் மனதில் வைத்திருப்பதும் அதைத்தான். எதை எடுத்தாலும் ஒன்று குறையும்.

"ரெண்டையும் போடுங்க" என்றேன்.

"அடிக்குறிப்பாவா?"

"அடிக்குறிப்பு வேண்டாம். அதை யார் படிப்பாங்க? கடைசிப் பக்கத்துல அடி வரியை அச்சடிங்க. ஒட்டைத் தனியா துண்டுத் தாள்ல அச்சடிச்சு, அதுமேல இடது ஓரத்துல மட்டும் பசை தடவி ஒட்டுங்க. படிக்கறவங்க முதல்ல ஒட்டைப் படிக்கட்டும். தூக்கிப் பார்த்தா கீழ இன்னொண்ணு இருக்கும்."

"ஒவ்வொரு புத்தகத்துலயுமா? கையாலயா? எங்க அச்சகத்துல என்னை அடிப்பாங்கம்மா."

"பசை நான் காய்ச்சித் தர்றேன். ஒட்டறதுக்கும் வர்றேன். இந்தத் தடவை கெட்டியா காய்ச்சறேன்."

பதிப்பாசிரியை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, "சரி, அடிச்சா அடிக்கட்டும்" என்றார். படிவத்தை இழுத்து, 'முழுவதும்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில், 'கடைசி வரி நீங்கலாக. விளக்கம் பதிப்பில் உள்ளது' என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். என் உருண்டை எழுத்து கொஞ்சம் கோணியது.

பேனாவை மூடாமல் சர்வேயர் பக்கம் வைத்தேன்.

அவர் பேனாவைத் தொடவில்லை. நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்தார். பதிப்பாசிரியை, "சார், கையுறை..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சர்வேயர் சட்டைப் பையிலிருந்து சின்ன இரும்பு ஸ்கேலை எடுத்தார். பசைத் தடத்தின் இடது ஓரத்தில் அதை வைத்தார். பதிப்பாசிரியையின் புட்டியைத் திறந்து, குச்சியின் நுனியால் ஒட்டின் ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடாகப் பசை தடவினார். எல்லைக் கல் நடுகிறவர் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு, நான்கு மூலையும் தடத்தின் நான்கு மூலையோடு சேரும்படி இறக்கினார். எழுபது வயதிலும் அளவு ஒரு நூல்கூட விலகவில்லை. ஸ்கேலை அதன்மேல் அழுத்தி, காய்கிற வரைக்கும் எடுக்காமல் வைத்திருந்தார். பிறகு விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தார்.

பேனாவை எடுத்துப் படிவத்தின் இரண்டாவது கோட்டில் கையெழுத்துப் போட்டார். நூலகத்தின் கடிதத்தை நான்காக மடித்துக் கவருக்குள் போட்டு, கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அலமாரிச் சாவியைக் கேட்கவில்லை.

"தம்பி, தேநீர் வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, அவர் வயதுக்கும் என் வயதுக்கும் எங்கள் வீட்டில் யாரும் செய்யாத ஒன்றாக, தன் உள்ளங்கையை என் தலைமேல் வைத்து எடுத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.